பழைய அமெரிக்க வானொலி நகைச்சுவைப் பதிவுகள் (ஜாக் பென்னி, ஃபிபர் மெக்கீ, ஃப்ரெட் ஆலன்): வேகம், இரைச்சல், தேதி

#1 – புதுக்காது

எல்லாருக்கும் வணக்கம். ஜாக் பென்னி நிகழ்ச்சியின் கோப்புகள் சில கைக்கு வந்திருக்கின்றன. எல்லாமே 64 கிலோபிட் மோனோ எம்பி3. அரைமணி நிகழ்ச்சி என்கிறார்கள், முதல் கோப்போ 27 நிமிடம் 50 விநாடியில் முடிந்துவிடுகிறது. குரல்களும் கொஞ்சம் கீச்சென்று இருக்கின்றன. இடையில் வெட்டியிருக்கிறார்களா, வேகமாக ஓடுகிறதா?

இரைச்சலும் அதிகம். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சல் குறைப்புக் கருவியை ஓட்டினால் சிரிப்பொலி தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடுகிறது. மௌனத்தை நறுக்கும் 'ட்ரங்கேட் சைலன்ஸ்' கொடுத்தால் நீளம் நன்றாகக் குறைகிறது, அது லாபம்தானே? இன்னொரு கோப்பில் தேதியும் இல்லை, விளம்பரமும் இல்லை. அது எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 – ஞாயிறு ஏழு மணி

உங்க கடைசிக் கேள்விக்கு முன்னாடி ஒரு அவசரமான விஷயம். ட்ரங்கேட் சைலன்ஸைத் தொடவே தொடாதீங்க. ஏற்கெனவே ஓட்டிச் சேமித்த கோப்பு இருந்தால் தூக்கிப் போட்டுட்டு மூலத்தில் இருந்து மறுபடி ஆரம்பிங்க.

பென்னியின் நிகழ்ச்சியில் மௌனம்தான் சிரிப்புக்கான இடம். 1948 மார்ச் 28 ஒலிபரப்பை எடுத்துக்குங்க. பக்கத்து வீட்டு நடிகர் ரொனால்ட் கோல்மனின் ஆஸ்கர் சிலையை இரவல் வாங்கிக்கிட்டு பென்னி நடந்து வர்றார். இருட்டில் ஒரு வழிப்பறிக்காரன் மறிச்சு "பணமா, உயிரா?" என்கிறான். பென்னி வாயே திறக்கலை. அரங்கம் சிரிக்க ஆரம்பிக்குது. திருடன் பொறுமை இழந்து மறுபடி அதட்டுறான். "யோசிச்சுக்கிட்டிருக்கேன்!" என்று பென்னி கத்துறார்.

முதல் சிரிப்பு எங்கே வந்தது பாருங்க. யாரும் எதுவும் பேசாத இடத்தில் வந்தது. 1932 மே 2-ல் தொடங்கின நிகழ்ச்சி, கிட்டத்தட்ட 16 வருஷமா 'பென்னி கஞ்சன்' என்று கேட்டு வளர்ந்த ரசிகர்கள். அவங்களுக்கு அந்த மனுஷன் மனசுக்குள்ளே கணக்குப் போடுறது கேட்டுடுச்சு. வானொலி வரலாற்றிலேயே நீளமான சிரிப்பு இதுதான் என்று ஊரெல்லாம் எழுதுறாங்க. பதிவைக் கேட்டால் அப்படி இல்லை, சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளைத்தான் உங்க கருவி அரை விநாடியாக நறுக்குது.

அந்தக் கருவியின் இயல்பான அமைப்பு என்ன? ஒலி மைனஸ் 20 டெசிபலுக்குக் கீழே அரை விநாடிக்கு மேல் இருந்தால் அதை 'மௌனம்' என்று எடுத்துக்கும். அரங்கில் ஒருத்தர் மட்டும் முதலில் களுக்கென்று சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்பு மைனஸ் 30-ல்கூட இருக்கும். கருவிக்கு அதுவும் மௌனம். கைபேசியில் பாட்காஸ்ட் செயலி வழியாகக் கேட்பவர்கள் 'மௌனத்தைத் தாண்டு' என்ற வசதியையும் அணைச்சு வைக்கணும். பென்னியைக் கேட்டேன், சிரிப்பே வரலை என்று சொல்றவங்களில் பாதிப் பேர் இந்த வசதியை அணைக்காமல் கேட்டவங்களாத்தான் இருப்பாங்க.

இன்னொரு உதாரணம். ரயில் நிலையக் காட்சிகளில் குரல் நடிகர் மெல் ப்ளாங்க் அறிவிப்பாளராக வருவார். "அனஹைம், அசூசா, அண்ட் கூக்… அமாங்கா" என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லுவார், கடைசி ஊரான கூக்கமாங்காவை இரண்டாக உடைச்சு. 1945 ஜனவரியில் தொடங்கின இந்த வேடிக்கையில் 'கூக்'குக்கும் 'அமாங்கா'வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வருஷத்துக்கு வருஷம் நீண்டுக்கிட்டே போச்சு. ஒரு தடவை அந்த இடைவெளிக்குள்ளே வேறொரு காட்சியே நடந்து முடிஞ்சுது. இதை இயந்திரம் எப்படிப் புரிஞ்சுக்கும்?

#3 – ஊசிமுனை

மேலே உள்ளவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வேகத்துக்கு வருகிறேன்.

27:50 என்றதுமே வெட்டு இல்லை, வேகம்தான் என்று சந்தேகிக்க வேண்டும். நெட்வொர்க்கின் அரைமணி நிகழ்ச்சி பொதுவாக 29 நிமிடம் 30 விநாடி. மீதி நேரம் உள்ளூர் நிலையம் தன் பெயரைச் சொல்வதற்கு. 29:30-ஐ 27:50-ஆல் வகுத்தால் 1.06. அதாவது 6 சதவீதம் வேகம், கிட்டத்தட்ட அரைச் சுரம் உயர்ந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் கீச்சுக்குரலோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் நீளத்தை மட்டும் நம்பித் திருத்தக் கூடாது, மூன்று சாட்சிகள் வேண்டும்.

முதல் சாட்சி மின்சார ரீங்காரம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பேச்சு இல்லாத பகுதியாக ஒரு நிமிடம் தேர்ந்தெடுத்து 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடம்) போடுங்கள். அளவு 65536. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் இது 0.67 ஹெர்ட்ஸ் நுணுக்கம் தரும். 60-க்குப் பக்கத்தில் உள்ள முகடு 63.6-ல் இருந்தால் 6 சதவீதம் வேகம் என்று அர்த்தம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் மூன்றாம் மடங்கைப் பாருங்கள். 180-ல் இருக்க வேண்டியது 190.8-ல் நிற்கும், பிழை மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

இதில் ஒரு பொறி உண்டு. பிற்காலத்தில் நாடாவுக்கோ கணினிக்கோ மாற்றும்போது ஒட்டிக்கொண்ட ரீங்காரமும் கோப்பில் இருக்கும். அது சரியாக 60-ல் நிற்கும். இந்தியாவிலோ இங்கிலாந்திலோ மாற்றியிருந்தால் 50-ல் ஒரு கோடு வரும். அந்தக் கோடு 1940-களைப் பற்றி எதுவுமே சொல்லாது. இரண்டு கோடுகள் தெரிந்தால் நகர்ந்து நிற்பதுதான் பழையது.

இரண்டாவது சாட்சி என்பிசி என்ற வானொலி நெட்வொர்க்கின் மணியோசை. நிகழ்ச்சி முடிவில் வரும் மூன்று சுரங்கள் முறையே 196, 330, 262 ஹெர்ட்ஸ். முதல் சுரம் 208-ல் கேட்டால் அதே 6 சதவீதம்தான். பென்னி 1949 ஜனவரி 2-ல் சிபிஎஸ் என்ற வேறு நெட்வொர்க்குக்குப் போய்விட்டார், அதற்குப் பிந்தைய பதிவுகளில் மணி இருக்காது.

மூன்றாவது சாட்சி இசைத்தட்டின் கீறல். அந்த நாளில் நிகழ்ச்சிகளைப் பதிந்த ஒலிபரப்புத் தட்டுகள் 16 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று. தட்டில் ஒரு கீறல் இருந்தால் 'டிக்' சத்தம் சரியாக 1.8 விநாடிக்கு ஒரு தடவை வரும். 6 சதவீதம் வேகமான கோப்பில் 1.7-க்கு ஒரு தடவை. பத்து 'டிக்'குகளை எண்ணி மொத்த நேரத்தை அளந்தால் கைப்பிழை குறையும்.

மூன்றும் ஒத்துப்போனால் 'சேஞ்ச் ஸ்பீட்' கருவியில் பெருக்கல் எண் 0.943, அல்லது மைனஸ் 5.66 சதவீதம் கொடுங்கள். 'மைனஸ் 6' என்று போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு, 1.06-ன் தலைகீழ் 0.94 அல்ல. 'சேஞ்ச் டெம்போ'வும் வேண்டாம். அது சுரத்தை அப்படியே வைத்து நேரத்தை மட்டும் நீட்டும், உங்களுக்கு இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தட்டின் ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம்தான். அரைமணி நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கம், பெரும்பாலும் இரண்டு இயந்திரங்கள். ஆகவே பாதிக்கு முன்னும் பின்னும் வேகம் வேறாக இருக்கலாம். இரு பாதிகளையும் தனித்தனியாக அளந்து தனித்தனியாகத் திருத்துங்கள்.

#4 – புதுக்காது

நன்றி ஊசிமுனை சார். முதல் பாதியில் முகடுகள் 63.6-லும் 190.8-லும். 50-ல் மெல்லிய கோடு ஒன்று தனியாக. கீறல் 1.7 விநாடி. இரண்டாம் பாதியிலும் அதே. 0.943 கொடுத்ததும் நீளம் 29:30-க்கு வந்துவிட்டது. இரைச்சல்?

#5 – ஊசிமுனை

அந்த 50-ஐ மட்டும் குறுகிய வடிகட்டியால் எடுங்கள், வேகம் திருத்துவதற்கு முன்பே. திருத்திய பிறகென்றால் அது 47-க்கு நகர்ந்திருக்கும்.

இரைச்சல் குறைப்பில் எல்லாரும் சறுக்கும் இடம் மாதிரி எடுப்பது. கருவி 'வெறும் இரைச்சல் உள்ள பகுதியைக் காட்டு' என்று கேட்கும். நீங்கள் பேச்சுக்கு நடுவில் உள்ள அமைதியைக் காட்டுகிறீர்கள். அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள், இருமுகிறார்கள், நாற்காலியில் அசைகிறார்கள். கருவி அந்தக் கூட்டத்தையும் இரைச்சல் என்று கற்றுக்கொண்டு நிகழ்ச்சி முழுக்க அவர்களை அழிக்கிறது. கைதட்டலும் சிரிப்பும் ஒலிவடிவில் இரைச்சலுக்கு நெருங்கிய சொந்தம், அதனால்தான் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது.

செய்ய வேண்டியது: நிகழ்ச்சி தொடங்கும் முன் ஊசி இறங்கி ஓடும் ஒன்றிரண்டு விநாடிகள், அல்லது முடிந்த பின் உள்ள வெற்றுப் பள்ளம் இருந்தால் அங்கிருந்து மாதிரி எடுங்கள். அது இல்லையென்றால் குறைப்பையே விட்டுவிடலாம். குறைப்பு 6 டெசிபலுக்கு மேல் வேண்டாம், உணர்திறன் 4 போதும். பிறகு 'ரெசிட்யூ'வைத் தேர்ந்தெடுத்து, கருவி எதைத் தூக்கி எறிகிறது என்று கேளுங்கள். அதில் 'ஸ்' ஒலியோ சிரிப்போ கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது.

மேல்முனை விஷயத்தில் தைரியமாக இருக்கலாம். நாடு முழுக்க நிகழ்ச்சியைக் கொண்டுபோன தொலைபேசிக் கம்பிகள் பல 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்தவில்லை. கைதட்டல் வரும் இடத்தில் ஸ்பெக்ட்ரம் போட்டுப் பாருங்கள், 5-லோ 8-லோ படிக்கட்டு மாதிரி சட்டென்று இறங்கும். அந்தப் படிக்கு மேலே இருப்பது முழுக்கத் தட்டின் சீற்றம். அதை வெட்டினால் நிகழ்ச்சியில் ஒரு மயிரிழைகூடக் குறையாது. பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும்.

'டிக்' நீக்கும் கருவியை முழுக் கோப்பின் மேல் ஓட்டாதீர்கள். கைதட்டல் என்பதே ஆயிரம் 'டிக்'குகள், கருவி அதை மென்று துப்பிவிடும். வசனப் பகுதிகளில் மட்டும் ஓட்டி, கைதட்டலுக்குள் விழுந்த கீறல்களை விட்டுவிடுங்கள். அவை அந்த ஆரவாரத்தில் கேட்காது.

64 கிலோபிட் எம்பி3-ஐத் திருத்தி மறுபடி எம்பி3 ஆக்காதீர்கள். தரம் இழக்காத ஃப்ளாக் வடிவில் வையுங்கள். எம்பி3-ன் சுழலொலி ஒவ்வொரு தலைமுறையிலும் கூடும், அதை எடுக்க வழியே கிடையாது.

#6 – வால்வு வெளிச்சம்

இரைச்சல் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்க்கிறேன். பேச்சு நிற்கும் இடமெல்லாம் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 1947 ஏப்ரல் 20 அன்று ஃப்ரெட் ஆலன் நிகழ்ச்சியை என்பிசி நடுவில் அணைத்தது. நெட்வொர்க்கின் துணைத்தலைவர்களைக் கிண்டல் செய்யும் பகுதியை எடுக்க அவர் மறுத்துவிட்டார், அவர்கள் ஒலியை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதைப் பற்றி வேடிக்கை பேசிய நகைச்சுவைக் கலைஞர்கள் பாப் ஹோப்பும் ரெட் ஸ்கெல்டனும்கூட அணைக்கப்பட்டார்கள். இந்தத் தேதிகளில் உள்ள ஒரு பிரதியில் ஒலி அறுந்தால் அது வரலாறு. முன்னும் பின்னும் இழுத்து ஒட்டிவிடக் கூடாது.

பிரதிகள் ஏன் இத்தனை விதம் என்பதற்கும் காரணம் உண்டு. என்பிசி-யும் சிபிஎஸ்-ஸும் பதிவு செய்த நிகழ்ச்சிகளை நெட்வொர்க்கில் ஏற்றுவதையே நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தன. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். ஆகவே பல நிகழ்ச்சிகளை ஒரே இரவில் இரண்டு தடவை நேரடியாக நடித்தார்கள். ஒரே தேதியில் இரண்டு பதிவுகள் கிடைத்து, சிரிப்பு விழும் இடம் வேறாக இருந்தால் ஒன்றை அழித்துவிடாதீர்கள். பாடகர் பிங் க்ராஸ்பி 1946 அக்டோபரில் ஏபிசி நெட்வொர்க்கில் தட்டில் பதிந்த நிகழ்ச்சியோடு வந்து, அடுத்த பருவத்தில் காந்த நாடாவுக்கு மாறிய பிறகுதான் அந்தத் தடை தளர ஆரம்பித்தது. நாடா வந்ததும் ஒரு இரவின் சிரிப்பை வெட்டி இன்னொரு இரவில் ஒட்டவும் முடிந்தது. அதனால் 1947-க்கு முந்தைய பதிவுகளில் கேட்கும் சிரிப்பு அந்த அரங்கில் அந்த நொடியில் எழுந்த சிரிப்பு என்று பெரும்பாலும் நம்பலாம்.

#7 – ஞாயிறு ஏழு மணி

தேதி இல்லாத கோப்புக்கு வர்றேன். விளம்பரமே இல்லை என்றால் அது அமெரிக்கப் படையினருக்கான ஏஎஃப்ஆர்எஸ் (ஆயுதப் படை வானொலிச் சேவை) பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். 1942-ல் தொடங்கின அந்தச் சேவை, நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை நீக்கி வினைல் தட்டில் அச்சடிச்சு உலகம் முழுக்க அனுப்புச்சு. விளம்பரம் போன இடத்தில் பாட்டு போட்டு நேரத்தை நிரப்பியிருப்பாங்க. நடுவில் ஒரு வசனம் தொங்கலாக நின்னு அடுத்தது சம்பந்தமே இல்லாமல் ஆரம்பிச்சால், அங்கே விளம்பரப் பொருளின் பெயர் வந்திருக்கும் என்று புரிஞ்சுக்குங்க.

விளம்பரம் இருந்தால் வேலை சுலபம், விளம்பரப் பொருளின் பெயரே காலத்தைச் சொல்லிடும். "ஜெல்லோ அகெயின்" என்று பென்னி வணக்கம் சொன்னால் 1934 முதல் 1942 வரை. க்ரேப் நட்ஸ் என்றால் 1942 முதல் 1944 வரை. புகையிலை ஏலக்காரரின் படபடவென்ற கூவலும் 'எல்.எஸ்.எம்.எஃப்.டி.' என்ற எழுத்துகளும் கேட்டால் லக்கி ஸ்ட்ரைக் காலம், 1944-க்கு அப்புறம்.

விளம்பரம் இல்லாத பிரதியில் பாடகரைப் பிடிங்க. கென்னி பேக்கர் பாடினால் 1939-க்குள். டென்னிஸ் டே 1939 அக்டோபரில் சேர்ந்தார். 1944-ல் கடற்படைக்குப் போய் 1946-ல் திரும்பினார், நடுவில் பாடினவர் லாரி ஸ்டீவன்ஸ். அதனால் ஸ்டீவன்ஸ் குரல் கேட்டால் ஒன்றரை வருஷத்துக்குள் சுருக்கிடலாம். வாத்தியக் குழுத் தலைவர் ஃபில் ஹாரிஸ் என்றால் 1936-க்கும் 1952-க்கும் நடுவில், பாப் க்ராஸ்பி என்றால் அதற்குப் பின்.

இன்னும் நெருங்க: பென்னியின் வேலைக்காரர் ராச்செஸ்டராக எடி ஆண்டர்சன் நிலைச்சதுக்கு முன்னாடி, 1937 மார்ச் 28-ல் ரயில் சுமைதூக்கியாகத்தான் முதலில் வந்தார். கோல்மன் தம்பதி பக்கத்து வீட்டுக்காரர்களாக வந்தது 1945 டிசம்பரில். 'எனக்கு ஜாக் பென்னியைப் பிடிக்காது, ஏனென்றால்…' என்று ரசிகர்களை எழுதச் சொன்ன போட்டியும் அதே மாதம்தான் ஆரம்பிச்சுது. ஹாட் டாக் விற்கும் மிஸ்டர் கிட்சல் 1946 தொடக்கத்தில். ஸ்போர்ட்ஸ்மென் நால்வர் பாட்டு 1946 இலையுதிர் காலத்துக்கு அப்புறம். இந்த நாலைந்தை வைத்தே பெரும்பாலான கோப்புகளை ஒரே பருவத்துக்குள் கொண்டுவந்துடலாம்.

ஃப்ரெட் ஆலனோடு நடந்த 'சண்டை' காலம் காட்டாது. 1936 டிசம்பர் 30-ல் ஒரு சிறுவன் ஆலன் நிகழ்ச்சியில் வயலினில் 'தி பீ' வாசிச்சதில் ஆரம்பிச்சு வருஷக்கணக்கில் ஓடினது அது.

கோப்புப் பெயரில் தலைப்பை நம்பாதீங்க. பெரும்பாலான தலைப்புகள் பின்னாளில் சேகரிப்பாளர்கள் வைத்தவை, ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று பெயர்கூட இருக்கும். 1948-03-28 என்ற மாதிரி தேதியை முதலில் போடுங்க, வரிசையும் தானாக வந்துடும்.

#8 – மரப்படி

இழை பதிவுகளிலேயே சுற்றுகிறது. அந்தச் சத்தங்களை மேடையில் உண்டாக்க விரும்புகிறவர்களும் இங்கே இருப்பார்கள். ஃபிபர் மெக்கீயின் அலமாரியைச் சொல்கிறேன்.

ஃபிபர் மெக்கீயும் மாலியும் ஜிம் ஜோர்டன், மேரியன் ஜோர்டன் தம்பதி. 1935 ஏப்ரல் 16-ல் தொடக்கம், எழுத்து டான் க்வின், முகவரி 79 விஸ்ட்ஃபுல் விஸ்டா. 1940 மார்ச் 5-ல் அகராதி தேடிக் கூடத்து அலமாரியைத் திறந்தவர் மாலி. உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவர் மேல் சரிந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஃபிபர் தானே திறந்து, சரிவு முடிந்ததும் "இந்த அலமாரியை ஒருநாள் ஒழுங்குபடுத்தணும்" என்பார். அந்த ஒருநாள் வரவே இல்லை.

மேடைக்கு வேண்டியவை: ஆறு படி உள்ள மர ஏணிப்படி, ஒவ்வொரு படியும் சுமார் 15 சென்டிமீட்டர். மேலே ஒரு பலகைத் தட்டு, அதன் மேல் பொருள்கள். எங்கள் ஊர்ப் பொருள்களே போதும்: காலி அட்டைப்பெட்டி இரண்டு, பழைய பூட்ஸ் ஒரு ஜோடி, அலுமினியக் குண்டான் மூன்று, தகர டப்பாக்கள் பத்து, மரக்கட்டைகள் ஐந்தாறு, ஒரு டப்பா நிறையக் கோலிக்குண்டு, தாம்பாளம் ஒன்று. கடைசிக்கு ஒரு சின்னப் பூஜைமணி.

வரிசைதான் உயிர். முதலில் தாழ்ப்பாள் ஓசை. பிறகு அரை விநாடி எதுவும் இல்லை. அப்புறம் ஒரே ஒரு அட்டைப்பெட்டி 'பொத்' என்று விழ வேண்டும். முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் வெறும் இடிச்சத்தம்தான் கிடைக்கும், யாருக்கும் சிரிப்பு வராது. பெட்டிக்குப் பின் பூட்ஸ், பிறகு மரம், பிறகு குண்டானும் டப்பாவும் சேர்ந்து. மொத்தம் ஏழெட்டு விநாடி. கோலிக்குண்டு படிகளில் தாவித் தாவி உருண்டு தேயும். எல்லாம் அடங்கியது என்று கேட்பவர் நினைக்கும்போது தாம்பாளம் தனியாகச் சுழன்று நிற்கட்டும். அதன் பிறகு ஒரு முழு விநாடி. அப்புறம்தான் மணி, ஒரே தடவை, மெல்ல.

எங்கே கெட்டுப்போகும்? எவர்சில்வர் பாத்திரம் போட்டால் கணகணவென்று நீண்டு ஒலித்து மற்றதை மூடும். உள்ளே துணி ஒட்டுங்கள், அல்லது அலுமினியமே போடுங்கள். கண்ணாடி உடையும் சத்தம் வேண்டாம், கேட்பவருக்கு யாருக்கோ காயம் என்ற பயம் வந்து சிரிப்பு நின்றுவிடும். மணியை அவசரப்பட்டு அடித்தால் அரங்கின் சிரிப்புக்குள் அது மூழ்கிவிடும், சிரிப்பு இறங்க ஆரம்பிக்கும் நொடிக்குக் காத்திருங்கள். மைக் படியில் இருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்து ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் அதை இதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், ஒரு காற்றடியில் ரிப்பன் தொய்ந்துவிடும்.

பதிந்த பிறகு யாராவது அந்த ஒரு விநாடி இடைவெளியைச் சுருக்கச் சொன்னால் விடாதீர்கள்.

#9 – புதுக்காது

மரப்படி, பென்னியின் ஓட்டை மேக்ஸ்வெல் காரின் சத்தமும் இப்படிச் செய்ததுதானா?

#10 – மரப்படி

இல்லை, அது தொண்டை. பதிந்து வைத்த கார் சத்தம் சரியான நேரத்தில் ஓடவில்லை, மெல் ப்ளாங்க் மைக்குக்கு ஓடிவந்து தானே இருமி, விக்கி, வெடித்துக் காட்டினார் என்பது ப்ளாங்க் சொல்லிவந்த கதை. அதற்குப் பின் அந்த வேலை அவருடையதே ஆனது. பென்னியின் நிலவறைப் பெட்டகம்தான் கைவேலை: நீளமான காலடிகள், சங்கிலி, கனத்த கதவுகள், கடைசியில் எச்சரிக்கை மணியும் ஊதலும் கப்பல் சங்கும். காலடிக்குப் பலகையும் தோல் செருப்பும் போதும். எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், இன்னும் எத்தனை படி இறங்கப் போகிறார் என்று கேட்பவர் எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் வேடிக்கை தொடங்குகிறது.

#11 – வால்வு வெளிச்சம்

கோப்புகளைப் பிறருக்குக் கொடுக்கும்போது சொல்லியே கொடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1928-ல் சிகாகோவில் தொடங்கிய ஏமோஸ் அண்ட் ஆண்டி அந்தக் காலத்தின் மிகப் பெரிய வெற்றி. கறுப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த காஸ்டனும் கொரெலும் வெள்ளையர்கள். 1931-லேயே பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார ஏடு அதற்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. 'அந்தக் காலத்தில் யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை' என்ற பேச்சு உண்மைக்குப் புறம்பானது. ஃபிபர் மெக்கீயில் வந்த பணிப்பெண் பியூலாவின் குரலும் ஒரு வெள்ளை ஆணுடையதுதான்.

ராச்செஸ்டர் வேறு விதம். எடி ஆண்டர்சன் கறுப்பினக் கலைஞர், முதலாளியை மடக்கிப் பேசும் இடத்தில் நின்றவர். ஆனாலும் 1930-களின் பதிவுகளில் சூதாட்டம், சோம்பல் என்று இனத்தைக் குத்தும் வேடிக்கைகள் நிறைய உண்டு. உலகப் போர்க் காலத்தில் எழுத்தாளர்கள் அவற்றைக் குறைத்தார்கள். 1941-ல் எழுதிய ஹார்லெம் (நியூயார்க்கின் கறுப்பினப் பகுதி) காட்சியைப் பின்னாளில் மறுபடி எடுத்தபோது கண்டனம் வந்தது. இந்த மாற்றத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த வசனங்களை வெட்டி 'சுத்தமான' பிரதி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோப்போடு ஒரு குறிப்பு வையுங்கள்.

பழசு என்றால் உரிமை யாருக்கும் இல்லை என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் 2018 சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரையுள்ளவற்றுக்கு 110 ஆண்டு பாதுகாப்பு.

#12 – ஊசிமுனை

யாரிடமாவது உண்மையான 16 அங்குல அரக்குத் தட்டே கிடைத்தால் கோப்பைப் போல அதைக் கையாளக் கூடாது. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியின் மேல் பூசினார்கள், அது கைதவறினால் அவ்வளவுதான். பூச்சு இளக்கமாக இருக்க விளக்கெண்ணெய் கலந்திருப்பார்கள். அது சிதைந்து கொழுப்பு அமிலமாக வெளியே கசிந்து வெள்ளைப் பொடியாகப் படியும். பூஞ்சை என்று நினைத்து ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் பள்ளமே கரைந்துவிடும். ஆல்கஹால் ஒரு சொட்டுகூடக் கூடாது. பூச்சு செதிலாக எழும்பத் தொடங்கியிருந்தால் கழுவவும் வேண்டாம், ஆவணக் காப்பகத்திடம் கொடுங்கள்.

ஓட்டும் நிலையில் இருந்தால்: எல்பி ஊசி வேண்டாம், அது பள்ளத்தின் அடியில் இறங்கி இரைச்சலை மட்டும் எடுக்கும். 2 முதல் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான முனை மழுங்கிய ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, தட்டின் ஓரத்தில் சில விநாடி மட்டும் சோதியுங்கள். சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும், லேபிளில் எழுதியிருக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் இரண்டு தடத்தையும் தனித்தனியாக 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். பள்ளம் பக்கவாட்டு வெட்டானால் இரண்டையும் கூட்டுங்கள், மேல்கீழ் வெட்டானால் கழியுங்கள். எதிர்மாறாகச் செய்தால் குரல் போய் இரைச்சல் மட்டும் நிற்கும். பழைய ஒலிபரப்புத் தட்டுகளுக்கு 10 கிலோஹெர்ட்ஸில் 16 டெசிபல் உயர்த்தி வெட்டினார்கள். இன்றைய ஃபோனோ பெட்டி 13.7 மட்டுமே இறக்கும், அதனால் 'ஸ்' எல்லாம் கூசும். சமன் செய்யாமல் தட்டையாக எடுத்துக் கணினியில் இறக்குவது நல்லது.

#13 – புதுக்காது

அந்த 29:30 கோப்பை முதலில் இருந்து மறுபடி செய்தேன்: 50 ஹெர்ட்ஸ் எடுத்தல், 0.943, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டு, வேறு எதுவும் இல்லை. சிரிப்பு அரங்கச் சிரிப்பாகக் கேட்கிறது. தேதி இல்லாத கோப்பில் பாடகர் லாரி ஸ்டீவன்ஸ், கோல்மன் தம்பதியும் வருகிறார்கள்.

#14 – ஞாயிறு ஏழு மணி

அப்படின்னா 1945 டிசம்பருக்கும் 1946 மார்ச்சுக்கும் நடுவில். கிட்சல் குரல் இருக்கா என்று பாருங்க. இருந்தால் ஜனவரியோ அதுக்கு அப்புறமோ. பிடிக்காததற்குக் காரணம் எழுதும் போட்டியைப் பற்றிப் பேச்சு வருதா, முடிவு அறிவிச்சுட்டாங்களா என்று கேட்டு எழுதுங்க. ஒரு வாரத்துக்குள் நிறுத்திடலாம்.